நீரோவின் கப்பல் காசு: பதிமூன்றா, பதினான்கா?

குத்துவிளக்கு துலக்குவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேர் உண்டு. புளியை ஊறவைத்து, கல் உப்பு கொஞ்சம் சேர்த்து, தேங்காய் நாரால் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட பித்தளையும் பத்து நிமிஷத்தில் பளிச்சென்று ஆகிவிடும். அந்தத் தைரியத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன், ரோமப் பேரரசன் புரோபஸ் காலத்து அலெக்சாந்திரியாக் காசு ஒன்றைச் சமையலறைத் தொட்டியில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். 1,700 வருஷத்துக் கருமை ஐந்தே நிமிஷத்தில் போனது. அடியில் வெள்ளி வரும் என்று பார்த்தால், புதுச் செப்புச் சொம்பு மாதிரி ஒரு சிவப்பு வந்தது. தாடியும் மூக்கும் எறும்பு அரித்த வெல்லம்போலச் சொரசொரத்துவிட்டன. பத்துப் பவுண்டுக்கு வாங்கியது, பண நஷ்டம் பெரிதில்லை. ஆனாலும் அதை ஜன்னல் திண்டில் கண்ணில் படும்படிதான் வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவது அதற்கப்புறம் வந்த வேறொரு காசின் கதை. ஒரே ஓர் எழுத்தைப் படிப்பதற்காக 38 நாள் எடுத்துக்கொண்டேன்.

நான் இருப்பது லண்டனின் வடமேற்கு ஓரம். போன குளிர்காலத்தில் ஒரு நாணயச் சந்தையில் ஆறு காசுகளை ஒரே கட்டாக 280 பவுண்டுக்கு வாங்கினேன். ஆறும் ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் அடித்த வெள்ளி. ரோமில் அடித்த தினாரியஸ் என்ற வெள்ளிக் காசைச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு மாகாணக் காசுதான் பிடிக்கும். ரோமக் காசில் எழுத்து லத்தீன், படம் அரசாங்கம் சொன்ன படம். மாகாணக் காசில் எழுத்து கிரேக்கம், பின்பக்கத்தில் அந்தந்த ஊர் தன் முகத்தைக் காட்டும். இந்தக் கட்டிலேயே பாருங்கள். கப்படோசியாவின் சிசேரியா, இன்றைய துருக்கியின் கைசேரி, தன் காசில் போட்டிருப்பது ஊருக்குப் பின்னால் நிற்கும் ஆர்கேயஸ் மலையை. நமக்குத் திருவண்ணாமலை எப்படியோ அவர்களுக்கு அது அப்படி, மலைதான் சாமி. இன்றும் எர்ஜியஸ் என்ற பெயரில் 3,900 மீட்டருக்கு மேல் பனி மூடி நிற்கிறது. அடுத்தது பேரரசன் டிராஜன் 106-ல் அரேபியாவை மாகாணமாக்கிய பிறகு வந்த திரக்மா என்ற வெள்ளிக் காசு. அதில் ஒட்டகம் நடக்கிறது. இன்றைய லெபனானிலுள்ள டயர் நகரத்தில் பேரரசன் காரகல்லாவுக்காக அடித்ததில் கழுகின் கால்களுக்கு நடுவே ஒரு சங்கு. ஊதாச் சாயம் எடுத்தார்களே, அந்தக் கடல் சங்கு. காசைக் கையில் எடுத்ததுமே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அந்தியோக்கியாவின் பிலிப்புக் காசும் அலெக்சாந்திரியாவின் டயோக்ளீஷியன் காசும் அவ்வளவு விசேஷம் இல்லை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆறாவதுதான் ரோமப் பேரரசன் நீரோவின் காசு, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் காசுகளை வாங்கும்போது நான் முதலில் கேட்பது விலை இல்லை, சீட்டு. எகிப்து 1983-ல் 117-ஆம் எண் சட்டத்தின் மூலம் தன் மண்ணிலுள்ள தொல்பொருள்களையெல்லாம் அரசின் சொத்தாக்கியது. அதற்கு முன்பே வெளியே வந்தது என்று காட்டும் காகிதம் இல்லாவிட்டால், காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடுவதில்லை. இந்த ஆறும் பழுப்பேறிய சின்னச் சின்னக் காகித உறைகளில் இருந்தன. ஒவ்வோர் உறையிலும் பழைய சேகரிப்பாளரின் கையெழுத்தில், நீலக்கறுப்பு மசியில், காசின் விவரமும் வாங்கிய வருஷமும். நீரோவின் உறையில் 1958 என்று இருந்தது. விவரம் மூன்றே சொல்: நீரோ, கப்பல், ஆண்டு 14.

காசைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முகப்பக்கத்தில் கதிர்முடி வைத்த நீரோ, இடப்பக்கம் பார்த்தபடி. தடித்த கழுத்து, இரட்டை நாடி. அவன் காலத்துச் சிற்பிகள் அதை மறைக்க முயன்றதாகத் தெரியவில்லை. பின்பக்கத்தில் பாய் விரித்த கப்பல், கீழே துள்ளும் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள். சுற்றிலும் செபஸ்தோஃபோரோஸ் என்ற கிரேக்கச் சொல். ‘அகஸ்டஸைச் சுமந்து வருவது’ என்று பொருள். அகஸ்டஸ் என்றால் இங்கே ஆளும் பேரரசன், அதாவது நீரோ. பன்னிரண்டு எழுத்தில் ஏழைத்தான் படிக்க முடிந்தது. மற்றதன்மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு படிவு, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி. அதே படிவு முகப்பக்கத்திலும் இருந்தது. தலைக்குப் பக்கத்தில், ஆண்டு எழுதிய இடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஆண்டுக் குறியும் பத்தும் தெரிந்தன. அதற்கடுத்த எழுத்து ஒரு சுண்ணாம்புப் பொட்டுக்கு அடியில். அப்படியிருக்க, சீட்டு எழுதியவர் 14 என்று எதைப் பார்த்து எழுதினார்?

இந்த ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் விளக்கினால்தான் நான் ஏன் இதற்காக மெனக்கெட்டேன் என்பது புரியும். தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது சுலபம். அலெக்சாந்திரியாக் காசில் ஆங்கில எல் எழுத்துப்போல ஒரு கோணல் குறி வரும். அது எழுத்து இல்லை, ‘ஆண்டு’ என்பதற்கான சுருக்கக் குறி. நம் பழைய பத்திரங்களில் ௵ வருமே, அதே வேலை. அதற்குப் பின்னால் எண். கிரேக்கர்களுக்கு எழுத்தே எண்: ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு, காமா மூன்று, டெல்டா நான்கு, ஐயோட்டா பத்து. பதிமூன்று என்றால் ஐயோட்டாவும் காமாவும். நாம் ௰௩ என்று எழுதியதைப் போலவே பத்தைப் போட்டு மூன்றைப் போடுவது. எண்ணுவது மன்னன் பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து. சோழர் கல்வெட்டில் ‘யாண்டு’ போட்டு எண் வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சொந்த ஊர்த் தெரு மாதிரி.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எகிப்தில் வருஷம் பிறப்பது ஆகஸ்ட் 29. நீரோ பட்டத்துக்கு வந்தது 54 அக்டோபர் 13. அன்று தொடங்கிய முதலாம் ஆண்டு, முழுசாக ஒரு வருஷம் ஆகுமுன்பே, 55 ஆகஸ்ட் 28-ல் முடிந்துவிடும். அப்படி எண்ணிக்கொண்டே போனால் 13-ஆம் ஆண்டு 66 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி 67 ஆகஸ்டில் முடிகிறது. 14-ஆம் ஆண்டு அங்கிருந்து, 68 ஜூனில் நீரோ செத்துப்போகும் வரை.

கப்பல் காசு இரண்டு ஆண்டிலும் உண்டு. அதுதான் விஷயமே. 66-ன் இலையுதிர்காலத்தில் நீரோ கிரீஸ் பயணம் கிளம்பினான். ஒலிம்பியா, நெமியா, இஸ்த்மியா, டெல்ஃபி என்று ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் பாடினான், தேர் ஓட்டினான், எல்லாவற்றிலும் பரிசு வாங்கினான். யார் தரமாட்டேன் என்பார்கள்? அலெக்சாந்திரியாவின் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம், அந்த ஊர்த் தெய்வங்களின் தலைகளையெல்லாம் வரிசையாகக் காசில் போட்டது. கூடவே இந்தக் கப்பலையும். கிரீஸை முடித்துக்கொண்டு எகிப்துக்கும் வருவான் என்று எதிர்பார்த்துத்தான் கப்பலைப் போட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். என் காசில் இருப்பது காமா என்றால், துறைமுகத்தில் ஆள் நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷத்துக் காசு. டெல்டா என்றால், அவன் இத்தாலிக்குத் திரும்பிவிட்ட வருஷத்துக் காசாக இருக்கவும் வாய்ப்பு. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குத்தான் தெரிந்தாக வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எடை: 12.89 கிராம். விட்டம் 24 மில்லிமீட்டர் சுமார். நாலு திரக்மா மதிப்புள்ள டெட்ராடிராக்முக்கு ஏற்ற எடைதான். மேல்கீழாக இல்லாமல் பக்கவாட்டில் புரட்டினால் இரண்டு பக்கமும் நேராக நிற்கிறது. அலெக்சாந்திரியாவில் அப்படித்தான் அச்சைப் பொருத்துவார்கள். போலியோ என்ற பயத்தில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன், வார்ப்பு ஒட்டின கோடு எதுவும் இல்லை.

அப்புறம் ஊறவைப்பது. லண்டன் குழாய்த் தண்ணீர் கெட்டிலில் ஒரே மாதத்தில் வெள்ளை ஆடை கட்டும். சுண்ணாம்பைக் கழற்றச் சுண்ணாம்புத் தண்ணீரிலேயே போடுவதில் அர்த்தம் இல்லை, அதிலுள்ள குளோரின் வேறு. இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீர் அஞ்சு லிட்டர் கேன் வாங்கி, ஜாம் பாட்டில் ஒன்றில் ஊற்றிக் காசைப் போட்டேன். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். முதல் இரண்டு முறை தண்ணீர் லேசாக மங்கியது, அவ்வளவுதான். பதினெட்டாம் நாள் எடுத்து, அசிட்டோனில் அரை மணி நேரம் வைத்தேன். அப்போதுதான் ஆச்சரியம்: பஞ்சில் மஞ்சளாக ஏதோ வந்தது. பழைய சேகரிப்பாளரோ அவருக்கு முந்தையவரோ காசுக்கு வார்னிஷ் மாதிரி ஒன்று பூசியிருக்கிறார். படிவு தண்ணீருக்கு அசையாததற்கு அதுதான் காரணம். பூச்சுக்கு அடியில் தண்ணீர் எப்படிப் போகும்? அசிட்டோனை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இரண்டரை வாரம் வீண். மறுபடி ஐந்து நாள் தண்ணீர்.

அமிலம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எலுமிச்சை, வினிகர், புளி எல்லாமே சுண்ணாம்பைக் கரைக்கும். உண்மைதான். ஆனால் சுண்ணாம்போடு நிறுத்தாது. இந்தக் காசுகளில் பேர்தான் வெள்ளி. நீரோ காலத்து அலெக்சாந்திரியாக் காசில் வெள்ளி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மிச்சமெல்லாம் செம்பு. அக்கசாலையில் வில்லையைச் சூடாக்கி அமிலத்தில் போட்டு, மேல்தோலிலுள்ள செம்பை மட்டும் கரைத்துவிடுவார்கள். வெளியே வெள்ளித்தோல், உள்ளே செம்புச் சதை. அந்தத் தோல் ஒரு நகக்கீறல் கனம்கூட இருக்காது. புளியும் உப்பும் அதன் துளைகளுக்குள் புகுந்து உள்ளேயிருக்கும் செம்பை அரிக்கும். நாரைப் போட்டுத் தேய்த்தால் தோலே போய்விடும். என் புரோபஸ் சிவந்தது அப்படித்தான். அவன் காலத்தில் வெள்ளி இன்னும் இளைத்துப் பேருக்குத்தான் இருந்தது என்பது வேறு.

ஆக, கையால் எடுப்பதுதான் வழி. கருவி: ரோஜா முள். சிரிக்காதீர்கள். பழங்காசு சுத்தம் செய்பவர்கள் நிறையப் பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. காய்ந்த முள் சுண்ணாம்புப் படிவைப் பெயர்க்கும் அளவுக்கு உறுதி, உலோகத்தைக் கீறும் அளவுக்கு உறுதி இல்லை. பச்சை முள் மடங்கிவிடும். தோட்டத்தில் போன வருஷம் வெட்டிப் போட்ட கிளையிலிருந்து பத்துப் பதினைந்து முள் ஒடித்து, மைக்ரோ பென்சில் பிடியில் அடிப்பக்கத்தைச் சீவிச் செருகினேன். கணினியில் மாட்டும் சின்ன நுண்ணோக்கி ஒன்றை மேஜை விளக்கோடு கட்டி, காசைப் பழைய டீ-ஷர்ட் துணி மடிப்பில் வைத்தேன்.

செய்யும் விதம் இப்படி. படிவின் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர், ஊசிமுனையளவு. பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு எழுத்தின் மேலே கை வைக்கக் கூடாது. எழுத்துக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் படிவின் ஓரத்தைப் பிடித்து, முள்ளை ஏறக்குறையப் படுக்கை வாட்டில் வைத்து, விளிம்பை நோக்கித் தள்ள வேண்டும். பலாச்சுளையிலிருந்து நாரை உரிக்கும்போது கொடுக்கும் அழுத்தம் போதும். பெயரவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுபடி சொட்டு, மறுபடி நாளை. ஒரு முள் அஞ்சாறு தள்ளலில் மழுங்கிவிடும்.

மூன்று நாள் ஒன்றுமே நடக்கவில்லை. நாலாம் நாள் ஒரு செதில், கசகசாவில் பாதி இருக்கும், தானாகக் கழன்று துணியில் விழுந்தது. அடியில் உலோகம் இல்லை. பழுப்பாக இன்னொரு அடுக்கு. அதற்கும் அடியில்தான் சாம்பல் வெள்ளி. இது தெரிந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தையல் ஊசியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. இரண்டாவது தள்ளலிலேயே சறுக்கி, நீரோவின் கழுத்துக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. நுண்ணோக்கியில் பார்த்தால் கோட்டின் ஓரங்கள் வெள்ளை, நடுவில் மெல்லிய ரோஸ். வெள்ளித்தோல், செம்புச் சதை என்று மேலே எழுதினேனே, அதன் வெட்டுமுகத்தை என் கையாலேயே போட்டுப் பார்த்தாயிற்று. ஊசியைத் தையல் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டு, அதன் பிறகு இரண்டு நாள் காசைத் தொடவில்லை.

அந்த இடைவெளியில் ஒன்று நினைத்துப் பார்த்தேன். அம்மா ஊர் கோயம்புத்தூர். கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த புதையல்களில் ரோம வெள்ளிக் காசுகள் ஏராளம். அவை நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் பேரில் வந்த தினாரியஸ் காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை அடிக்கப்பட்டது இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில். லியோன் காசு கொங்கு நாடு வரை வந்திருக்கிறது. ஆனால் முசிறிக்குப் போன சரக்கெல்லாம் எந்த எகிப்து வழியாகப் போனதோ, அந்த எகிப்தின் காசு அப்படி வரவில்லை. காரணம், எகிப்துக்குள் எகிப்துக் காசு மட்டும்தான் செல்லும், வெளியே அது செல்லாது. எல்லையில் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த 13 கிராம் டெட்ராடிராக்ம் ஒன்றும் 3.5 கிராம் தினாரியஸ் ஒன்றும் மதிப்பில் சமம் என்று கணக்கு. நம் ஊர் வணிகர்கள் எடை போட்டு வாங்குபவர்கள். செம்பு கலந்த இதைக் கொடுத்து மிளகு வாங்கியிருக்க முடியுமா? முசிறி வணிகத்துக்கான ஒப்பந்தம் எழுதிய பழைய பாப்பிரஸ் ஏடு ஒன்று உண்டு, அதிலும் சரக்கின் மதிப்பைத் தாலந்திலும் திரக்மாவிலும்தான் போட்டிருக்கிறார்கள். கணக்கு எகிப்துக் கணக்கு, கொண்டுபோன காசு வேறு.

மறுபடி முள். இந்த முறை வெளிச்சத்தை மாற்றினேன். மேலிருந்து விழும் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை மேஜையோடு மேஜையாகக் கிடத்தி, காசின் பக்கவாட்டில் ஒளி விழச் செய்தேன். எவ்வளவு தேய்ந்த எழுத்தாக இருந்தாலும் நிழல் விழும். இதைச் சந்தையிலேயே செய்திருக்கலாம். படிவின் மேற்பரப்பிலேயே ஒரு மேடு தெரிந்தது, எழுத்தின் மேல் சுண்ணாம்பு எழுத்தைப் போலவே மேடாகப் படிந்திருக்கிறது. ஒரு நிமிர்ந்த கோடு. அதன் உச்சியில் வலப்பக்கமாக ஒரு கை. கீழே?

காமாவும் டெல்டாவும் வேறுபடுவது அந்தக் கீழ்ப்பாதியில்தான். காமா என்பது ஒரு தூணும் மேலே ஒரு கையும். டெல்டா முக்கோணம், இரண்டு கால்களும் அடியில் ஒரு தரையும் உண்டு. தரை இருக்கிறதா என்று பார்க்கப் படிவின் அடிப்பாகத்தை எடுத்தாக வேண்டும். அங்கேதான் அது கெட்டியாக இருந்தது.

முப்பத்தைந்தாம் நாள் ஒரு செதில் வந்தது. முப்பத்தேழாம் நாள் இன்னொன்று, கொஞ்சம் பெரியது, கடுகின் கால்வாசி. அந்த இடத்தில் சாம்பல் நிற வெறும் உலோகம் வழவழவென்று தெரிந்தது. கோடு இல்லை, தரை இல்லை. தேய்ந்து போயிருக்குமோ என்ற சந்தேகம் வரத்தான் செய்தது. நீரோ காசு எகிப்தில் அடுத்த நூற்றாண்டு வரை கைமாறிக்கொண்டே இருந்தது, தேய்மானம் நிறைய. ஆனால் ஐயோட்டாவின் கால் அதே மட்டத்தில் தெளிவாக நிற்கிறது. அது நிற்கும்போது பக்கத்திலுள்ள தரைக்கோடு மட்டும் தேய்ந்து மறைய வழி இல்லை. உறுதிக்காக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் மாகாண நாணயத் தொகுப்பில் இரண்டு ஆண்டுகளின் கப்பல் காசுப் படங்களையும் எடுத்து வைத்து ஒப்பிட்டேன். டெல்டா உள்ளவற்றில் முக்கோணம் நன்றாக அகன்று உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது அந்த இடத்துக்குள் அடங்கவே அடங்காது.

காமா. ௰௩. பழைய சீட்டு தப்பு.

சீட்டு எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். படிவின் ஓரம் ஒரு பக்கம் சரிவாக இருந்தது. 1958-ல் மஞ்சள் பல்பின் அடியில் அது டெல்டாவின் சாய்ந்த கால் மாதிரித் தெரிந்திருக்கும்.

எழுத்து தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். பின்பக்கத்தில் கப்பல் பெயரின் சில எழுத்து இன்னும் சுண்ணாம்புக்குள் இருக்கிறது, இருக்கட்டும்.

கடைசியாக ஆசைக்கு ஒரு சோதனை. வெள்ளி எவ்வளவு என்று பார்க்க நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தேன். நாற்பது சதவீதத்துக்குப் பக்கம் காட்டியது. நண்பர் கைகொடுத்தார். நான் சந்தோஷப்படவில்லை, கருவி பார்ப்பது தோலைத்தான். வீட்டுக்கு வந்து ஆர்க்கிமிடீஸ் முறை: தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக முழுகத் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எடைதான் காசு விலக்கிய தண்ணீர். காசு இப்போது 12.84 கிராம். படிவில் 0.05 கிராம் போயிருக்கிறது. தண்ணீர் 1.40. வகுத்தால் அடர்த்தி 9.17. செம்பு 8.96, வெள்ளி 10.49 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வெள்ளி சுமார் 16 சதவீதம். புத்தகக் கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது என்று துள்ளிக் குதிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரின் எடை 1.40-க்குப் பதில் 1.41 என்றிருந்தால் 11 சதவீதம், 1.39 என்றிருந்தால் 20-க்கு மேல். ஒரே ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் போதும், கதை மாறிவிடும். இரண்டு பாத்திரச் சோப்புச் சொட்டு விட்டு, தூரிகையால் குமிழியைத் தடவி, ஏழு முறை எடுத்ததில் நாலு முறை 1.40 வந்தது. அந்த அளவுக்குத்தான் நம்பலாம்.

உலரவைத்து, புதுச் சீட்டு எழுதினேன்: நீரோ, அலெக்சாந்திரியா, டெட்ராடிராக்ம், கப்பல், ஆண்டு 13 (66/67), 12.84 கிராம். கழுத்துக்குப் பின்னால் ஊசிக் கீறல், என் கைங்கரியம் என்றும் எழுதினேன். அடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பழைய சீட்டையும் அதே உறையில் அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“ஒரு எழுத்துக்கா சாமி முப்பத்தெட்டு நாளு?”

“ஆமாம்மா.”

“நாஞ் சொன்ன மாதிரி புளி போட்டுத் தேய்ச்சிருந்தீன்னா...”

“அம்மா.”

“சரி சரி. அந்த ராசா கப்பல்ல வந்தானா இல்லையா?”

வரவில்லை என்றேன். அதற்கு முன்பே ஒருமுறை வருவதாகச் சொல்லிப் புறப்படும் நாளன்று மனசு மாறியவன். அவன் வருகைக்கென்று அலெக்சாந்திரியாவில் குளிக்கும் மண்டபம்கூடக் கட்டியிருந்தார்கள். அதில் எகிப்தின் ஆளுநர் டஸ்கஸ் முந்திக்கொண்டு குளித்துவிட்டார் என்று அவரை நாடுகடத்தினான், இத்தனைக்கும் அவர் நீரோவை வளர்த்த செவிலியின் மகன். இதையெல்லாம் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார் என்று சொல்லி முடித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “தானும் வர்ல, இன்னொருத்தனையும் குளிக்க விடல,” என்றார். “கப்பலு மட்டும் காசுல.”